வரும் பருவத்தில் பரமட்டா முதலில் சரிசெய்ய வேண்டியது தடுப்பாட்டத்தையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில், 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசிச் சுற்றில் பரமட்டா ஈல்ஸ் அணி, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியை 60-26 என்ற கணக்கில் வென்று, பட்டியலின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படாமல் தப்பியது. அதன்பின் அந்த அணி ஆடிய அடுத்த லீக் ஆட்டம், 2025ஆம் ஆண்டின் முதல் சுற்றில், மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்கு எதிராக நடந்தது. அதில் 56-18 எனத் தோற்றது. அந்தப் பருவத்தை முடித்ததோ நியூகாசில் நைட்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 66-10 என வென்றுதான். இந்த மூன்று முடிவுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், இந்த அணிக்குப் புள்ளி எடுக்கத் தெரியும், கொடுக்காமல் இருக்கத்தான் தெரியவில்லை என்பது எவருக்கும் விளங்கும். 60 புள்ளிகள் குவித்த நாளிலும் எதிரணிக்கு 26 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது, அந்த வெற்றிக் களிப்பில் யாராலும் பெரிதாகப் பேசப்படவில்லை. அதைப் பேசியிருந்தால் அடுத்த ஆண்டின் முதல் நாளில் வந்த அடி அத்தனை அதிர்ச்சியாக இருந்திருக்காது.

2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அணி தயாராகிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், அந்த 66-10 வெற்றியை நம்பிக்கைக்கான அடையாளமாகப் பலரும் சுட்டிக்காட்டுவதைக் கேட்கும்போது எனக்கு அச்சமே மேலிடுகிறது. 2024இல் டைகர்ஸ் எந்த இடத்தில் இருந்ததோ, 2025இல் நைட்ஸ் அணியும் அதே இடத்தில்தான், அதாவது பட்டியலின் அடியில்தான் இருந்தது. ஏற்கெனவே நொந்து கிடந்த ஓர் அணிக்கு எதிராக அடித்த புள்ளிகளை அளவுகோலாகக் கொண்டு இரண்டாம் முறையும் ஏமாறக்கூடாது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பென்டில் ஹில் என்று மேற்கு சிட்னியில் நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகள் எல்லாம் இந்த அணியின் சொந்த மண். நம் பிள்ளைகள் பள்ளியில் கிரிக்கெட் மட்டையைப் போலவே நீள்வட்டப் பந்தையும் கையில் எடுத்து வளர்கிறார்கள். எனவே பரமட்டாவின் குறைநிறைகளைத் தமிழ் இதழ் ஒன்றில் விரிவாகப் பேசுவது பொருந்தாத செயல் ஆகாது என நம்புகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2025இல் பரமட்டா 24 ஆட்டங்களில் 10 வெற்றிகளுடன், 17 அணிகளில் 11ஆம் இடம் பிடித்தது. முதல் எட்டு அணிகளே இறுதிச் சுற்றுகளுக்குச் செல்லும். எட்டாம் இடத்தில் இருந்த சிட்னி ரூஸ்டர்ஸ் 13 ஆட்டங்களில் வென்றிருந்தது. ஆக, நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி மூன்றே வெற்றிகள். புதிய பயிற்சியாளர் ஜேசன் ரைல்ஸின் முதல் ஆண்டு அது. முந்தைய ஆண்டு 15ஆம் இடத்தில் முடித்த அணியை அவர் மேலே கொண்டுவந்தார் என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களிலும் பரமட்டா தோற்றது. ஐந்தாம் சுற்றில் செயிண்ட் ஜார்ஜ் இலவாரா டிராகன்ஸ் அணியை 23-22 என ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றபோதுதான் முதல் வெற்றி கிடைத்தது. அந்த நான்கில் இரண்டையாவது வென்றிருந்தால், ஆகஸ்ட் மாதத்தில் ரசிகர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

இப்போது எங்கு பார்த்தாலும் பேச்செல்லாம் ஆட்களைப் பற்றியே இருக்கிறது. டிலன் பிரவுன் பத்தாண்டு ஒப்பந்தத்தில் நியூகாசிலுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யார்? ஸாக் லோமாக்ஸ் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார். மைதானத்தின் ஓரமான விங் இடத்திலிருந்து அவர் பந்தோடு ஓடி எடுத்துத் தந்த மீட்டர்களையும் உயரப் பந்துகளையும் இனி யார் எடுப்பார்கள்? இவை நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இருவரும் 2025இல் அணியில் இருந்தபோதே நாம் 11ஆம் இடத்தில்தான் முடித்தோம் என்பதை இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். போன இருவருக்குச் சமமான இருவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதே இடத்துக்குத்தான் மீண்டும் வந்து சேர்வோம். மாற வேண்டியது பந்து நம் கையில் இல்லாதபோது பதின்மூன்று பேரும் என்ன செய்கிறார்கள் என்பதே.

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ரக்பி லீக்கில் ஓர் அணிக்குப் பந்து கிடைத்தால், ஆறு முறை பிடிபடும் வரை அது அவர்களிடமே இருக்கும். ஒவ்வொரு பிடிப்பும் ஒரு டாக்கிள், அந்த ஆறும் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒவ்வொரு முறை பிடிபட்டதும், பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட, மீண்டும் ஆட்டம் தொடரும். அந்த இடத்தில் இரண்டு தடுப்பாளர்கள் மார்க்கர்களாக நேரே நிற்கலாம், மற்றவர்கள் எல்லோரும் 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். இத்தனை அகலத்தை ஒரே கோடாக நின்று மூடுவதும், அந்தக் கோடு ஒரே வேகத்தில் முன்னேறிச் சென்று எதிராளியைச் சந்திப்பதும்தான் தடுப்பாட்டம். ஒருவர் அரை அடி முந்தினாலோ பிந்தினாலோ அவருக்குப் பக்கத்தில் ஒரு வாசல் திறந்துவிடும்.

பரமட்டாவின் வாசல் பெரும்பாலும் எப்படித் திறக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எதிரணி நம்முடைய 20 மீட்டர் கோட்டுக்குள் வந்துவிட்டது என்று கொள்வோம், நான்காவது டாக்கிள். அவர்களுடைய ப்ராப், அதாவது முன்வரிசையின் பெரிய உடம்புக்காரர், நேராக நடுவில் மோதுகிறார். நம்மவர்கள் மூவர் சேர்ந்து அவரைப் பிடிக்கிறார்கள், ஆனால் மல்லாக்கப் புரட்டி நிலத்தில் கிடத்தவில்லை. அவர் வயிறு தரையைத் தொடும்படி விழுந்ததால் உடனே எழுந்துவிடுகிறார். நம் மூவரில் ஒருவர் எழுவதற்குள் பந்து பின்னே உருண்டுவிட்டது. ஒரு மார்க்கர் இன்னும் பக்கவாட்டில் நிற்கிறார், மற்றவர் மண்டியிட்ட நிலையில் இருக்கிறார். டம்மி ஹாஃபில், அதாவது பின்னே உருளும் பந்தை எடுக்கும் இடத்தில், இருக்கும் எதிரணியின் ஹூக்கர் பந்தை எடுத்து இரண்டு அடி ஓடுகிறார். அந்த இரண்டு அடியே போதும், நம் ஓரத்துத் தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு உள்பக்கம் திரும்பிவிடுகிறார். அவர் திரும்பியதைப் பார்த்து, அவருக்கு வெளிப்பக்கம் நிற்கும் சென்டரும் உள்ளே வருகிறார். சென்டர் உள்ளே வந்தபின் வெளியே விங்கர் ஒருவர் மட்டும் இருவரை எதிர்கொண்டு தனியே நிற்கிறார். பந்து இரண்டு கை மாறி மூலைக்குப் போகிறது. நம் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். ட்ரை.

மறுநாள் எல்லோரும் அந்த விங்கரைத்தான் திட்டுவார்கள். தொலைக்காட்சியில் கடைசியாகத் தெரிந்தவர் அவர்தான். உண்மையில் அந்தத் தவறு, 40 மீட்டர் தள்ளி, நான்காவது டாக்கிளில், எதிராளியைப் புரட்டிக் கிடத்தாமல் விட்ட அந்த நொடியிலேயே நடந்துவிட்டது. விங்கரை மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணி ஆண்டுதோறும் ஓரத்து ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டே இருந்தால் நோய் ஒருபக்கம் இருக்க மருந்து வேறுபக்கம் போகும். சரிசெய்ய வேண்டிய இடம் நடுக்களம். ப்ராப்களும் அவர்களுக்குப் பின்னால் நடுவில் ஆடும் லாக்கும் பின்வரிசை ஆட்டக்காரர்களும் எதிராளியை நிறுத்துவது மட்டுமன்றி, அவர் எழுந்து பந்தை உருட்டும் நேரத்தை ஒன்றரை நொடி தாமதப்படுத்தக் கற்றுக்கொண்டால், ஓரத்தில் நிற்பவர்கள் தங்கள் ஆளைப் பார்த்து நிதானமாக நிற்பதற்கு வேண்டிய அவகாசம் தானாகவே கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தாமதப்படுத்துவதற்கும் விதிமீறலுக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. 2020ஆம் ஆண்டு முதல், பிடிபட்டவரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் பெனால்டிக்குப் பதிலாக எதிரணிக்கு மீண்டும் ஆறு டாக்கிள்கள் தரும் விதி நடைமுறைக்கு வந்தது; அதன்பின் ஆட்டத்தின் வேகமே மாறிவிட்டது. பெனால்டி என்றால் தடுப்பவர்களுக்கு மூச்சுவிடச் சற்று நேரம் கிடைக்கும். இப்போது அதுவும் இல்லை. நடுவர் கையசைத்ததும் ஆட்டம் நிற்காமல் தொடர்கிறது, எண்ணிக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு தொகுதியில் இரண்டு முறை இப்படி நடந்தால், ஏற்கெனவே களைத்துப்போன தடுப்பாளர்கள் மேலும் பன்னிரண்டு டாக்கிள்களைத் தங்கள் கோட்டின்மேல் நின்று செய்ய வேண்டிவரும். பருவத்தின் மோசமான நாட்களில் பரமட்டா இப்படியே தன்னைத் தானே களைப்படையச் செய்துகொள்கிறது. ஆகவே புரட்டிக் கிடத்தும் நுட்பத்தையும், நடுவர் விடு என்றதும் கையை எடுக்கும் ஒழுக்கத்தையும் ஒன்றாகவே பயிற்றுவிக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை.

டாக்கிளின் உயரமும் இதனோடு சேர்ந்ததே. களைத்த தடுப்பாளர் குனிவதில்லை. கை மேலே போகிறது, தலையில் படுகிறது, 10 நிமிடம் சின் பின்னில், அதாவது ஆட்டத்துக்கு வெளியே, உட்கார வேண்டிவருகிறது, பன்னிருவர் மீதிக் கோட்டை மூடுகிறார்கள். அடிபட்டவர் தலைக்காயப் பரிசோதனைக்காக வெளியே செல்கிறார். எதிரணி வீரராயினும் அவர் ஓர் இளைஞர், ஒரு வீட்டுப் பிள்ளை. தலைக்காயங்கள் பின்னாளில் என்ன செய்கின்றன என்பதை இந்த விளையாட்டு தாமதமாகத்தான் உணர்ந்தது. தோளை இடுப்புக்கு இறக்கி, தலையை எதிராளியின் உடலுக்குப் பின்பக்கம் வைத்து மோதும் பழைய டாக்கிளை நம் முன்வரிசை மீண்டும் கற்க வேண்டும் என்று நான் சொல்வது வெற்றிக்காக மட்டுமன்று.

அடுத்தது, தவறு நடந்தபின் வரும் ஆறு டாக்கிள்கள். எல்லா அணிகளும் பந்தை நழுவவிடும். மெல்போர்னும் நழுவவிடும், பென்ரித்தும் நழுவவிடும். ஆனால் அந்த அணிகள் பந்தை நழுவவிட்டதும் ஓடிச்சென்று கோட்டை அமைக்கின்றன. பரமட்டாவில் பந்தை நழுவவிட்டவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார், இருவர் நடுவரிடம் முறையிடுகிறார்கள், அதற்குள் எதிரணி பந்தைக் கையில் எடுத்துவிடுகிறது. நான் பரமட்டா மைதானத்தில் அமர்ந்து பார்த்த ஆட்டங்களில் என்னை மிகவும் வருத்துவது இக்காட்சியே. ஸ்டேடியத்தின் இருக்கைகள் செங்குத்தாக மேலே செல்வதால், மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது தடுப்புக் கோடு ஒரு வரைபடம் போலத் தெளிவாகத் தெரியும். தவறு நடந்த அடுத்த நொடியில் அந்தக் கோட்டில் விழும் ஓட்டைகளும் அப்படியே தெரியும். ஒரு தவறு ட்ரை ஆகிறது. ட்ரைக்குப் பின் மீண்டும் தொடங்கும் உதையை வாங்கும் பதற்றத்தில் இன்னொரு தவறு. பத்து நிமிடத்தில் மூன்று ட்ரைகள் போய்விடுகின்றன. பெரிய தோல்விகள் எல்லாமே இப்படிக் கொத்தாகத்தான் வந்திருக்கின்றன.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 2001ஆம் ஆண்டு பரமட்டா அணி, அதுவரை எந்த அணியும் எடுத்திராத அளவு புள்ளிகளைக் குவித்து, பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதிப் போட்டிக்குச் சென்றது. ஆண்ட்ரூ ஜான்ஸின் நியூகாசில் அணி இடைவேளைக்குள்ளேயே 24-0 என முன்னிலை பெற்றுவிட்டது. இரண்டாம் பாதியில் நம் அணி உயிரைக் கொடுத்து ஆடியும் 30-24 எனத் தோற்றது. 2022இல் பென்ரித்துக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் இடைவேளையில் 18-0, முடிவில் 28-12. அதே நாளில் நம் மகளிர் அணியும் தங்கள் இறுதிப் போட்டியில் நியூகாசிலிடம் 32-12 எனத் தோற்றது. ஒரே நாளில் இரண்டு கோப்பைகள் கை நழுவியதை எந்த ரசிகரும் எளிதில் மறக்க முடியாது. நான் சொல்ல வருவது, 2001, 2022 ஆகிய இரண்டு ஆடவர் இறுதிப் போட்டிகளிலும் முதல் நாற்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதே. புள்ளி எடுக்கும் திறமை இரண்டு முறையும் இருந்தது. அது வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான் முடியவில்லை.

இதற்கு நேர்மாறானது 1986. அந்த இறுதிப் போட்டியில் பரமட்டா கான்டர்பரியை 4-2 என வென்றது. இருபுறமும் ஒரு ட்ரைகூட விழவில்லை. பீட்டர் ஸ்டெர்லிங், பிரெட் கென்னி போன்ற தாக்குதல் மேதைகளைக் கொண்ட அணி, கடைசிக் கோப்பையைத் தடுப்பாட்டத்தாலேயே வென்றது. ரே பிரைஸுக்கும் மிக் குரோனினுக்கும் அதுவே விடைபெறும் ஆட்டம். அதற்கு முன் 1981, 1982, 1983 எனத் தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்று தந்த பயிற்சியாளர் ஜாக் கிப்சன், ஒவ்வொரு ஆட்டக்காரரும் செய்த டாக்கிள்களை எண்ணிக் குறித்துவைக்கும் வழக்கத்தை இந்த விளையாட்டில் வேரூன்றச் செய்தவர். நீலமும் பொன்னிறமும் அணிந்து ஆடியவர்கள் என்றதும் அழகான பாஸ்களும் மின்னல் ஓட்டங்களுமே நினைவுக்கு வருகின்றன. அந்த அழகுக்கு அடித்தளமாக இருந்த டாக்கிள் கணக்கேட்டை நாம் மறந்துவிட்டோம். 1986க்குப் பின் இந்த அணி ஒரு கோப்பையையும் வெல்லவில்லை.

உதைகளைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறாவது முறை பிடிபட்டுப் பந்தை இழக்கும் முன், ஐந்தாவது டாக்கிளில் விடப்படும் உதைதான் தடுப்பாட்டத்தின் தொடக்கம். நல்ல உதை எதிரணியை அவர்களுடைய மூலையில் 10 மீட்டருக்குள் பிடித்துவைக்கும். மோசமான உதை அவர்களை 40 மீட்டர் கோட்டிலிருந்து தொடங்க வைக்கும். அந்த 30 மீட்டர் வித்தியாசத்தை எந்தத் தடுப்பாளராலும் டாக்கிள் செய்து ஈடுகட்ட முடியாது. இவ்வகையில் பார்த்தால் பரமட்டாவின் மிகச்சிறந்த தடுப்பாளர் மிட்செல் மோசஸின் கால்தான். 2024இல் நியூ சவுத் வேல்ஸ் அணி மாநிலங்களுக்கிடையிலான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரை வென்றதில் அவருடைய பங்கு எவ்வளவு பெரியது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் அவருக்கு 31 வயது கடந்துவிட்டது. 2024, 2025 ஆகிய இரு பருவங்களிலும் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார். 2025இன் தொடக்கத்தில் அவர் காலில் காயத்தோடு வெளியே இருந்தபோதுதான் முதல் நான்கு தோல்விகளும் வந்தன. ஒரே மனிதரின் பாதத்தின்மேல் ஒரு பருவம் முழுவதையும் ஏற்றிவைப்பது அவருக்கும் நீதியன்று, அணிக்கும் நன்றன்று.

உதைக்கத் தெரிந்த இன்னொருவரான ஜோனா பெஸெட் 2026ஆம் ஆண்டுக்கு மட்டும் மெல்போர்னிலிருந்து வருகிறார். 2027இல் அவர் பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணிக்குச் செல்வது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஓராண்டுக்கு ஒருவரை அழைத்துவருவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். உதைக்கும் பொறுப்பை மோசஸும் அவரும் பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் பின்னால் நின்று உதைகளைப் பிடிக்கும் எதிரணியின் ஃபுல்பேக் எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறுவார். ஆனால் அந்த ஓராண்டு, நம் சொந்த இளைஞர் ஒருவர் அவ்விருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் ஆண்டாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவரை இப்போதே அடையாளம் காணாவிட்டால், 2027இன் தொடக்கத்தில் மீண்டும் இதே கேள்வியோடு கடைத்தெருவில் நிற்போம்.

உதை நன்றாக இருந்தாலும் அதைத் துரத்திச் செல்பவர்கள் ஒழுங்காகச் செல்ல வேண்டும். பந்து வானில் இருக்கும்போது நம்மவர்களில் இருவர் முழுவேகத்தில் ஓடுகிறார்கள், மூவர் நடந்து வருகிறார்கள். இடையில் உண்டாகும் இடைவெளியில் எதிரணியின் ஃபுல்பேக் நுழைந்து 20 மீட்டர் திருப்பி எடுத்துவிடுகிறார். துரத்தலும் ஒரு கோடுதான். வேகமானவர் தன் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளவும் மெதுவானவர் தன் கடைசி மூச்சையும் செலவிடவும் சம்மதித்தால்தான் அது கோடாக இருக்கும். இதற்குப் பெரிய நுட்பம் தேவையில்லை. உடல்தகுதியும் மனமும் போதும். மாற்று ஆட்டக்காரர்களை ஓர் ஆட்டத்தில் எட்டு முறை மட்டுமே உள்ளே அனுப்ப முடியும் என்ற நிலையில், பெரிய உடம்புக்காரர்களைக் குவித்துவைத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கும் பழைய வழி இனி உதவாது. ஐம்பது நிமிடம் நின்று டாக்கிள் செய்யக்கூடிய ப்ராப் ஒருவர், முப்பது நிமிடம் மட்டும் மின்னும் இருவரைவிட இன்று மதிப்பு மிக்கவர்.

பருவத்தின் தொடக்கத்தை அலட்சியப்படுத்துகிறவர்கள், 2025இல் பென்ரித் 12 சுற்றுகளுக்குப் பின் பட்டியலின் கடைசியில் இருந்தும் இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை வந்ததை உதாரணமாகச் சொல்கிறார்கள். பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்ற அணி. நேதன் கிளியரி, ஐசேயா யோ, டிலன் எட்வர்ட்ஸ், பிரையன் டோவோ ஆகியோர் பல ஆண்டுகளாக ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று ஆடிவருபவர்கள். எங்கே தவறு என்று தெரிந்ததும் அதைச் சரிசெய்யும் மொழி அவர்களிடம் இருந்தது. நம் அணி அந்த நிலையில் இல்லை. மார்ச் மாதத்தில் தோற்றால் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் சலுகை நமக்குக் கிடையாது.

பென்ரித்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்கு இழந்துகொண்டே இருந்தார்கள். மேட் பர்ட்டன், விலியாமி கிகாவ், ஸ்டீஃபன் கிரைட்டன், ஜரோம் லுவாய் எல்லோரும் போனார்கள். போனவர் இடத்தில், பதினாறு வயதிலிருந்து அதே தடுப்பு முறையைக் கற்றுவந்த இன்னொரு இளைஞர் வந்து நின்றார். தாக்குதலில் ஒரு தனிமனிதர் தன் திறமையால் ஏதாவது செய்துவிட முடியும். தடுப்பாட்டத்தில் அது முடியாது. பக்கத்தில் இருப்பவர் எப்போது முன்னேறுவார், எப்போது காத்திருப்பார் என்பது பழக்கத்தால் மட்டுமே தெரியவரும். ஆகவே ஆட்களை அடிக்கடி மாற்றும் அணி தடுப்பாட்டத்தில் ஒருபோதும் தேறாது. பரமட்டாவின் உள்ளூர் இளையோர் லீக் சிறியதன்று; மேற்கு சிட்னியின் பள்ளிகளிலும் மைதானங்களிலும் பசிஃபிக் தீவுகள், லெபனான், ஆசிய நாடுகள் எனப் பல பின்னணிகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வாரந்தோறும் ஆடுகிறார்கள். அவர்களில் தேறியவர்களை முதல் அணிக்குள் ஒவ்வொருவராகச் செருகாமல், ஓரத்துக்கு ஓரம் ஒரு குழுவாக, ஒரே சென்டர், ஒரே விங்கர், ஒரே பின்வரிசைக்காரர் என ஆண்டு முழுவதும் சேர்த்து ஆடவிட வேண்டும். ஐசேயா இயோங்கியை ஃபுல்பேக்காக நம்பி நிறுத்தியதன் பலனை 2025இல் கண்டோம். பின்னால் நின்று கோட்டை ஒழுங்குபடுத்தும் குரல் ஃபுல்பேக்கினுடையது; அந்தக் குரலுக்குப் பழகிய காதுகள் முன்னால் மாறாமல் இருக்க வேண்டும்.

ஜேசன் ரைல்ஸ் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். முன்வரிசையில் ஆடியவர், மெல்போர்னில் உதவிப் பயிற்சியாளராக இருந்து தடுப்பாட்டத்தின் நுணுக்கங்களை உள்ளிருந்து பார்த்தவர். அவருக்குத் தேவைப்படுவது நிர்வாகத்தின் பொறுமையும் ரசிகர்களின் பொறுமையும். நான்கு ட்ரை அடித்து 24-20 எனத் தோற்கும் நாளைவிட, இரண்டே ட்ரை அடித்து 12-10 என வெல்லும் நாளைக் கொண்டாட நாம் பழகிக்கொள்ள வேண்டும். மைதானத்தில் நம் கூட்டம் எழுந்து ஆர்ப்பரிப்பது எப்போதும் ஓட்டத்துக்கும் பாஸுக்கும்தான். கோட்டின்மேல் மூன்று தொகுதிகளைத் தாக்குப்பிடித்துப் பந்தை மீட்ட முன்வரிசைக்கு அந்த ஆரவாரத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஆட்டக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. புதிய ஒப்பந்தங்களை அறிவிக்கும் அதே முனைப்போடு, முதல் சுற்றுக்கு முன் உறுப்பினர்களைக் கூட்டி, முந்தைய பருவத்தில் விட்டுக்கொடுத்த ட்ரைகள் எந்தெந்த இடத்தில், எந்தெந்தக் காரணத்தால் விழுந்தன என்பதைப் பயிற்சியாளர் குழு காணொளியோடு விளக்க வேண்டும். ரகசியத் திட்டங்களை வெளியிடச் சொல்லவில்லை. நடந்து முடிந்ததை ஒளிவுமறைவின்றிப் பேசினாலே போதும். 2016இல் சம்பள உச்சவரம்பை மீறியதற்காகப் பத்து லட்சம் டாலர் அபராதமும் பட்டியலில் 12 புள்ளிகள் இழப்பும் கண்ட ஒரு கழகம், தன் உறுப்பினர்களிடம் வெளிப்படையாக இருப்பதன் அருமையை மற்றவர்களைவிட நன்றாக உணர்ந்திருக்கும்.

தங்கள் இதழின் விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பருவம் தொடங்கியதும் ஆட்டங்களின் இறுதிக் கணக்கோடு, இடைவேளைக் கணக்கையும், நம் அணி விட்டுக்கொடுத்த புள்ளிகளையும் தனியே ஒரு வரியில் அச்சிட்டால், முதல் ஆறு வாரங்களுக்குள்ளேயே அணி திருந்தியதா இல்லையா என்பதை வாசகர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
பரமட்டா அணியின் நெடுநாள் ரசிகர்,
மேற்கு சிட்னி